‘அசல்’ என்பது யார் வைத்த பெயர்?

போடிநாயக்கனூர் ஏலக்கூடத்தில் கைமாறும் காய்க்கு வியாபாரத்தில் ‘ஆலப்புழை பச்சை’ என்று பெயர். ஆலப்புழையோ கடற்கரை ஊர். மலைப்பயிரான ஏலம் அங்கே விளையாது. காய்ப்பதெல்லாம் போடிமெட்டுக்கு மேலே, இடுக்கியின் ஏலமலையில். பின்னே அந்தப் பேர் எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டில் ஏலம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகம். மலையில் எடுத்த காய் ஆலப்புழைக் கிடங்கில் சேர்ந்து கப்பலேறியது. ஆக, விளைந்த மண் அல்ல, விற்ற துறைமுகமே காயின் ‘பூர்வீகம்’ ஆகிவிட்டது.

உணவில் ‘அசல்’ பற்றிய சொல்லாடல் பெரும்பாலும் இப்படித்தான் கட்டப்படுகிறது. ஜப்பானில் பழைய சுஷி, சோற்றில் புளிக்கவைத்த மீன். சோறு பெரும்பாலும் கழிக்கப்பட்டது. இன்று ‘அசல்’ எனப்படும், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் வைத்த சுஷி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரத்துத் தெருக்கடைகளில் பரவிய அவசரச் சாப்பாடு. 2006இல் ஜப்பானிய வேளாண் அமைச்சகம், வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களுக்கு ‘அசல்’ சான்றிதழ் தரப் புறப்பட்டது. ‘சுஷி போலீஸ்’ என்று கேலி கிளம்பியதும் திட்டம் சுருங்கிப்போனது. தெருவோரத் தீனிக்கு அரசு தூய்மை கற்பித்த கதை இது.

நம் ஏலக்காய்க்கும் முத்திரை உண்டு. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி ‘ஆலப்புழை பச்சை ஏலக்காய்’ பதிவாகியிருக்கிறது. குவாதமாலா போட்டியாக நிற்கும்போது இப்படியொரு காப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அங்கே கொண்டுபோன செடி, பிற்பாடு உலகச் சந்தையில் இந்தியாவையே முந்திவிட்டது. ஆனால் காப்பு எதற்கு, யாருக்கு? செடிக்கு என்றால், மலையில் இன்று பரவலாக நிற்கும் ‘ஞள்ளானி’ பழங்காலத்து ரகமல்ல. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது, 1990களில் பரவியது. பாரம்பரியம் என்கிறோமே, அதன் வயது நாற்பதைச் சுற்றித்தான்.

யாருக்கு என்பதற்குச் சட்டமே பதில் சொல்கிறது. அதில் ‘உற்பத்தியாளர்’ என்றால் விளைவிப்பவர், பதப்படுத்துபவர், பொட்டலம் கட்டுபவர். வியாபாரம் செய்பவரும் அதில் அடக்கம். கூலிக்குக் காய் எடுப்பவர் என்று ஒரு வார்த்தை இல்லை.

விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறுகிற தமிழ்ப் பெண்களைத்தான் சொல்கிறேன். 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. கூலி மட்டும் இன்னும் எல்லை தாண்டியே வருகிறது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, தூரையொட்டிய சரத்தில் காய்க்கிறது. குனிந்தும் குந்தியும், முற்றியது எது பிஞ்சு எது என்று விரலால் பார்த்துப் பறிக்கணும். அந்தப் பக்குவம் தப்பினால் ஸ்டோரில் எவ்வளவு உலர்த்தினாலும் தரமான காய் கிடைக்காது. அசலை அசலாக்குகிற அறிவு அந்த விரல்களில் இருக்கிறது. முத்திரையில் இருப்பதோ துறைமுகத்தின் பெயர்.

முத்திரை வேண்டாம் என்பதல்ல வாதம். ‘அசல்’ என்ற சொல்லால் விலை ஏறும்போது அதில் காய் எடுப்பவளின் கூலி எவ்வளவு ஏறுகிறது? இந்தக் கணக்கைக் கேட்காத தூய்மைவாதம், சமையலறையிலும் சரி, சந்தையிலும் சரி, விற்பவனின் பேச்சுதான்.