சின்னங்கள் கேட்கும் கைம்மாறு

குளிர்கால ஒலிம்பிக் போட்டியின் முதல் அதிகாரபூர்வ நற்சின்னம், 1976-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்பிரக் நகரில் அறிமுகமான பனிமனிதன். அதற்கடுத்து, 1980-இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் 'ரோனி' என்ற ரக்கூன் வந்தது. அதன் கண்களைச் சுற்றியிருந்த கருமை, பனிச்சறுக்கு வீரர்கள் அணியும் கண்ணாடியை நினைவூட்டியது. அன்று முதல் பெரும்பாலும் விலங்குகளே இப்போட்டிகளின் முகமாக விளங்கி வருகின்றன.

விலங்கைச் சின்னமாக்குவது வெறும் அலங்காரமன்று. மக்களின் மனப்பாங்கையும் அது மாற்றக்கூடும். 1984-ஆம் ஆண்டு சரயேவோ போட்டிக்குச் செய்தித்தாள் வாசகர்கள் தேர்ந்தெடுத்தது 'வுச்கோ' என்ற ஓநாயை. கதைகளில் கொடிய விலங்காகவே சித்திரிக்கப்பட்ட ஓநாய், அந்நகரின் செல்லப் பிள்ளையாயிற்று.

ஆனால், ஒரு விலங்கின் உருவத்தைக் கடன் வாங்கும் நாடு, அதன் வாழிடத்துக்கு என்ன திருப்பித் தருகிறது?

2018-இல் தென் கொரியாவின் பியோங்சாங் போட்டிக்கு வெள்ளைப் புலி நற்சின்னம். அந்நாட்டுக் காடுகளிலோ பல பத்தாண்டுகளாகப் புலியே இல்லை. உடன் நடந்த பாராலிம்பிக்கின் சின்னம் ஆசியக் கருங்கரடி. ஜிரி மலையில் அக்கரடிகளை மீண்டும் குடியமர்த்தும் பணியை 2004 முதல் அந்நாடு மேற்கொண்டு வருவது போற்றத்தக்கது. எனினும், அதே போட்டியின் சறுக்குப் பாதைக்காகக் காரிவாங் மலையில் பாதுகாக்கப்பட்டிருந்த காட்டின் ஒரு பகுதி வெட்டப்பட்டது என்பதை மறந்துவிட முடியாது.

நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. 2010 வான்கூவர் போட்டியின் துணைச் சின்னமான 'முக்முக்', அணில் குடும்பத்தைச் சேர்ந்த மார்மட். கனடாவின் வான்கூவர் தீவில் மட்டுமே வாழும் அவ்வினம், 2003 வாக்கில் இயற்கைச் சூழலில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. அதைப் பின்னர் நூற்றுக்கணக்கில் பெருகச் செய்தவை பொம்மைகள் அல்ல. காப்பிடங்களில் வளர்த்து மலையில் விடுவித்த பல்லாண்டு உழைப்பே.

2026 மிலான்-கார்ட்டினா போட்டியின் நற்சின்னங்களான 'டினா'வும் 'மிலோ'வும், கீரியைப் போல நீண்ட மெலிந்த உடல் கொண்ட ஸ்டோட் என்னும் சிறு விலங்குகள். கோடையில் பழுப்பாக இருக்கும் அவ்விலங்கின் உரோமம் குளிர்காலத்தில் வெண்மையாகி, அதைப் பனியில் மறைத்துக் காக்கிறது. புவி வெப்பமயமாதலால் பனி பொழியத் தாமதமானால், அதே வெண்மை வேட்டையாடும் பறவைக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 2022 பெய்ஜிங் போட்டி ஏறத்தாழ முழுவதும் செயற்கைப் பனியிலேயே நடந்தது. வீரர்களுக்கு இயந்திரம் பனி பொழியும். காட்டு விலங்குக்கு யார் பொழிவார்?

எனவே, இனிப் போட்டிகளை நடத்தும் நாடுகள், சின்னத்தை அறிவிக்கும்போதே அவ்விலங்கின் வாழிடத்தைக் காக்கும் திட்டத்தையும் அறிவிக்க வேண்டும். பொம்மை விற்பனை வருவாயில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்குவதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு கட்டாயமாக்க வேண்டும். பொம்மை மட்டும் எஞ்சி, விலங்கு மறைந்துபோனால், அது நற்சின்னமன்று; நினைவுச் சின்னம்.