எலும்பு, கனிமங்களில் எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு ஆய்வு

எலும்பு, பல், சுண்ணாம்புப் படிவு, குவார்ட்ஸ் ஆகியவற்றின் மீது எக்ஸ் கதிரோ காமா கதிரோ பட்டால், இடம்பெயர்ந்த எலெக்ட்ரான்களில் சில படிகக் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. இணையில்லாத இத்தகைய எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். பொருளைக் காந்தப்புலத்தில் வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், குறிப்பிட்ட புலவலிமையில் அந்த எலெக்ட்ரான் ஆற்றலை உறிஞ்சும்; இதுவே ஒத்ததிர்வு. 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக்கு அப்புலம் ஏறத்தாழ 0.34 டெஸ்லா. எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு, பொருளின் மீது இதுவரை பட்ட கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடலாம்.

இந்த ஒத்ததிர்வை 1944இல் ரஷ்யாவின் கசான் நகரில் எவ்கெனி சவோய்ஸ்கி கண்டறிந்தார். 1955இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் கார்டியின் குழு, எக்ஸ் கதிர் பட்ட எலும்பில் இதன் குறிகையைப் பதிவுசெய்தது. எலும்புக் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டில் கலந்துள்ள கார்பனேட்டிலிருந்து கதிர்வீச்சால் பிறக்கும் கார்பன் டை ஆக்சைடு எதிரயனியே அக்குறிகையின் முதன்மை மூலம். 1975இல் ஜப்பானின் மோட்டோஜி இகேயா, அகியோஷி குகையின் சுண்ணாம்பு விழுதை இம்முறையில் காலக்கணிப்பு செய்தார். புதைந்து கிடக்கும் பொருள் மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் ஆண்டுதோறும் சிறிது கதிர்வீச்சு பெறுகிறது; மொத்த அளவை ஆண்டளவால் வகுத்தால் வயது கிடைக்கும்.

எலும்பு இதற்கு நம்பகமானதாக அமையவில்லை. அதன் நுண்துளைகள் வழியே நிலத்தடி நீரின் யுரேனியம் உட்புகுந்து கணக்கைக் குலைக்கிறது; கனிமமும் காலப்போக்கில் மாறிவிடுகிறது. 90 விழுக்காட்டுக்கு மேல் கனிமமேயான பல் எனாமல் அந்த இடத்தைப் பிடித்தது. எனாமலை அதன் அடியிலுள்ள டென்டைனிலிருந்து பல் மருத்துவரின் துரப்பணத்தால் பிரித்து, பொடித்து, பல பங்காக்குவர். ஒரு பங்கை அப்படியே விட்டு, மற்றவற்றுக்குக் கோபால்ட்-60இன் காமா கதிரை வெவ்வேறு அளவில் கொடுத்து, குறிகை வளரும் போக்கைப் பின்னோக்கி நீட்டினால் பல் முன்பே பெற்ற அளவு தெரியும். அளவிட்டாலும் குறிகை அழிவதில்லை. அதே பொடியை மீண்டும் சோதிக்கலாம். இரோஷிமாவிலும் செர்னோபிலிலும் பாதிக்கப்பட்டோரின் பற்களில் கதிர்வீச்சை மதிப்பிட்டதும் இந்த வழியில்தான். எலும்புள்ள இறைச்சி கதிரூட்டப்பட்டதா என்று அறியவும் ஐரோப்பாவில் இது தரமுறையாக உள்ளது.

இந்தியாவில் இம்முறையின் முக்கியச் சான்று கர்நாடகத்தின் இசாம்பூர். சுண்ணாம்புப் பலகைக் கற்களால் கைக்கோடரி செய்த பழைய கற்காலப் பட்டறை அது. புனே டெக்கான் கல்லூரியின் கே.பத்தையா அகழ்ந்தார். அங்கு கிடைத்த விலங்குப் பற்களின் எனாமலுக்குச் சுமார் 12.7 இலட்சம் ஆண்டு வயது என்று 2002இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. யுரேனியம் சீராக உட்புகுந்தது என்ற அனுமானத்தில் பெற்ற எண் என்பதால் அதை முதற்கட்ட மதிப்பீடாகக் கொள்வதே முறை. ஆயினும், 2011இல் தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கம் கருவிகளுக்குக் காஸ்மிக் கதிர் சார்ந்த வேறொரு முறையில் சுமார் 15 இலட்சம் ஆண்டு கிடைத்தபின், தென்னிந்தியாவில் அத்தகைய பழைமை நம்பத் தகாததாக இல்லை.

ஆனால் எல்லாத் தொல்லிடங்களுக்கும் ஒத்ததிர்வு முறை பொருந்தாது; திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி அருகே உள்ள பொருந்தல் அதற்கு எடுத்துக்காட்டு. கா.ராஜன் அங்கு நடத்திய அகழாய்வில் ஈமச்சின்னத்துப் பானையில் கிடைத்த நெல்லுக்குக் கரிமக் கணிப்பு கி.மு. 490 என்று காட்டியது. இரண்டரை ஆயிரம் ஆண்டுகளில் எனாமலில் சேரும் கதிர்வீச்சு மிகக் குறைவு; எனவே அங்கு கரிம முறையே சரியான தேர்வு. அம்முறை ஏறத்தாழ 50,000 ஆண்டோடு நின்றுவிடும். காலக்கணிப்பில் ஒத்ததிர்வு பெரும்பாலும் அதற்கு அப்பாலுள்ள பற்களுக்கே பயன்படுகிறது. மண்ணின் காமா கதிர் சுமார் 30 செ.மீ. தொலைவிலிருந்தும் வந்து சேரும் என்பதால், தொல்விலங்குப் பல்லை எடுக்கும்போது சுற்றியுள்ள மண்ணின் மாதிரியையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.