கராச்சர்மாவின் மின்கலங்கள்

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடி இழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள அவ்வடத்தால் தீவுகளில் இணைய வேகம் கூடியது. ஆனால் மின்சாரம் கொண்டுவரும் வடம் ஏதும் இன்றுவரை நிலப்பகுதியிலிருந்து போடப்படவில்லை. முன்னர் போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தை ஒட்டிய கராச்சர்மாவில் கணினித் திரைகள் அடிக்கடி இருள்வதன் காரணத்தை இங்கிருந்தே தேடத் தொடங்கவேண்டும்.

அந்தமானின் மின்னாக்கம் நெடுங்காலமாகக் கப்பலில் வந்திறங்கும் டீசலையே நம்பியிருக்கிறது. 2001இல் வடக்கு அந்தமானில் கல்போங் புனல்மின் நிலையம் 5.25 மெகாவாட் திறனுடன் தொடங்கப்பட்ட பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. நிலப்பகுதியில் ஓர் இயந்திரம் நின்றால் அதன் சுமையை நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் பகிர்ந்துகொள்ளும். சிறிய தீவுக் கட்டமைப்பில் அத்தகைய தாங்குதிறன் இல்லை. மின்னழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் உடனே தடுமாறும்.

இத்தடுமாற்றம் வரம்பு மீறும்போதெல்லாம் யுபிஎஸ் தன் மின்கலத்துக்கு மாறுகிறது. ஒவ்வொரு மாற்றமும் ஈய-அமில மின்கலத்தைச் சிறிது தேய்க்கிறது. சராசரி வெப்பநிலை 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவிதி. தேய்ந்த மின்கலம் ஒருநாள் கைவிட, பழி திரையின்மேல் விழுகிறது. திரையை நேரடியாகச் சுவர் மின்செருகியில் இணைத்தால் உண்மை விளங்கும். அங்கு எரிந்தால் பழுது யுபிஎஸ்ஸில்; அங்கும் எரியாவிட்டால் வடத்திலோ, திரையின் மின்வழங்கிப் பகுதியிலோ இருக்கலாம். மின்தடையின்போது கணினி இயங்கித் திரை மட்டும் அணைந்தால், மின்கல ஆதரவில்லாத செருகியில் திரை இணைக்கப்பட்டிருக்கக்கூடும்.

2013இல் என்டிபிசி நிறுவனம் கராச்சர்மாவில் 5 மெகாவாட் சூரியமின் நிலையத்தை அமைத்தது. மேகம் கடந்தால் சூரியமின்சாரம் நிமிடங்களில் சரியும். அக்குறையை வேறெதுவோ ஈடுசெய்யவேண்டும். 2020இல் நெய்வேலியின் என்எல்சி நிறுவனம் தெற்கு அந்தமானில் நிறுவிய 20 மெகாவாட் சூரியமின் திட்டம் 8 மெகாவாட்-மணி மின்கலச் சேமிப்புடன் வந்தது. மேசைக்கடியில் யுபிஎஸ் ஓர் அறைக்குச் செய்துவந்த பணியை, இச்சேமிப்பு ஊர் முழுமைக்கும் ஓரளவு செய்கிறது.

மின்மயமாக்க வரலாறுகள் மெகாவாட்டுகளையே எண்ணுகின்றன. நிலையற்ற மின்சாரத்தைச் சீராக்க வீடுகளும் சிறுகடைகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கி மாற்றும் மின்கலங்களின் செலவு அக்கணக்கில் ஏறுவதில்லை. தீவின் மின்சாரத்துக்கு மக்கள் கொடுத்த விலையில் அதுவும் சேரும்.