அஞ்சலட்டையில் அல்ஜீரியப் பெண்

1830இல் அல்ஜியர்ஸைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர்கள் தெருவில் கண்டது, 'ஹாயிக்' எனும் வெண்ணிற மேலாடையால் உடலை மூடிய பெண்களையே. கண்ணுக்கு எட்டாததைப் பின்னர் புகைப்பட நிலையம் உண்டாக்கிக் கொடுத்தது. 1900 முதல் 1930 வரை பெருவாரியாக அச்சான அஞ்சலட்டைகளில் அந்தப்புர மங்கையராகத் தோன்றியவர்கள், சமூகத்தின் விளிம்பிலிருந்து கூலிக்கு அழைத்துவரப்பட்டவர்கள். கம்பிச் சன்னல், ஹுக்கா, காபிக் கிண்ணம், திறந்த மார்பு யாவும் படமெடுப்பவரின் ஏற்பாடு. ஒரே பெண், அதே உடையில், ஓர் அட்டையில் பதவீப் பெண்; மற்றொன்றில் கபீலியப் பெண்! அவளுடைய சொந்தப் பெயர் மட்டும் எதிலும் இல்லை. அத்தகைய அட்டையின் மறுபுறத்தில்தான் சிப்பாய்களும் பயணிகளும் ஊரிலுள்ளோரை நலம் விசாரித்து எழுதினர்.

இவற்றைத் திரட்டி ஆராய்ந்த அல்ஜீரிய எழுத்தாளர் மாலிக் அல்லூலாவின் பிரெஞ்சு நூல் 1981இல் வெளிவந்தது. கூர்மையான ஆய்வு. ஆயினும், அப்படங்களையே மீண்டும் அச்சிட்டு அப்பெண்களை இன்னொரு முறை காட்சிக்கு வைத்துவிட்டார் என்ற விமர்சனம் எழுந்தது. 'அந்நூர்' அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை ஆண்களுக்கே முதலில் (24:30) வருகிறது. பெண்ணின் ஆடை குறித்தே பேசிப் பழகிய நம்மவர் இதை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வசனத்தை ஓதுகின்ற எவரும் அவ்விமர்சனத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. அட்டைகளோ பழம்பொருள் சேகரிப்போரிடையே இன்றும் விலைபோகின்றன.