பழைய பிக்கப் டிரக்கின் பெட்ரோல் குழாய் - ஒரு சின்ன வரலாறு

அமெரிக்காவில் 1970களிலும் 80களிலும் செய்த பிக்கப் டிரக்குகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எஞ்சின் நன்றாகவே இருக்கும். முதலில் தகராறு செய்வது பெரும்பாலும் பெட்ரோல் குழாய்தான். டேங்கிலிருந்து எஞ்சின் வரை போகும் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும், நடுநடுவே உள்ள ரப்பர் ஹோஸ் வெடிக்கும். சரி, கடைக்குப் போய் இரண்டடி ஹோஸ் வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் தப்பான ஹோஸை மாட்டினால் வண்டியே எரிந்து போகலாம். எது சரியான ஹோஸ் என்பதற்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருட வரலாறு இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பம்ப் இல்லாத காலம்

ஃபோர்டு நிறுவனம் 1925ல் தன் மாடல் டி காரைப் பின்பக்கம் சரக்குப் பெட்டி வைத்து, தொழிற்சாலையிலேயே பிக்கப்பாகச் செய்து விற்றது. அதில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். பெட்ரோல் தானாகவே கீழ்நோக்கி இறங்கி எஞ்சினுக்குப் போகும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது, டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மேடேறினார்கள்! அன்று பெட்ரோல் குழாய் என்பது ஒரு சின்ன உலோகக் குழாய், அவ்வளவுதான்.

1932ல் ஃபோர்டின் வி8 எஞ்சின் வந்தபோது, எஞ்சினே இயக்கும் பம்பும் கூடவே வந்தது. பெட்ரோலை உறிஞ்சி இழுக்க முடியும் என்றானதும் டேங்கை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். குழாய் நீண்டது. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. வண்டியின் சட்டம் அசையாது, எஞ்சின் ஆடும். இரண்டையும் இரும்புக் குழாயால் இறுக்கிக் கட்டினால் அது விரிசல் விடும். நடுவில் வளைந்து கொடுக்க ரப்பர் வேண்டும்.

ஆனால் மரத்திலிருந்து எடுக்கும் இயற்கை ரப்பர் பெட்ரோல் பட்டால் ஊதிக் குழைந்துவிடும். இதற்கு விடை ரசாயனக் கூடத்திலிருந்து வந்தது. 1930ல் டூபாண்ட் நிறுவனத்தில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் நைட்ரைல் ரப்பர் உருவானது. நீளமான இரும்புக் குழாய், ஆடும் இடங்களில் சிறு ரப்பர் துண்டு என்ற அமைப்பு நிலைத்தது. பழைய டிரக்குகளில் நாம் இன்று மாற்றுவது இதைத்தான்.

டேங்க் வெளியே போனது

1972 மாடல் வரை செவர்லே பிக்கப்புகளில் டேங்க் பொதுவாகக் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருந்தது. மனிதனும் பெட்ரோலும் ஒரே அறையில்! 1973 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வெளியே எடுத்து, சட்டத்துக்கு வெளிப்பக்கம், வண்டியின் ஓரமாக வைத்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டேங்க் வைக்க முடிந்தது. ஒன்று தீர்ந்தால் மற்றதற்கு மாற்ற ஒரு வால்வு. ஆக, குழாய்களும் இணைப்புகளும் பெருகின. 1970களின் தொடக்கத்தில் பெட்ரோல் ஆவி காற்றில் கலக்கக் கூடாது என்ற விதியும் வந்திருந்ததால், ஆவிக்குத் தனிக் குழாய் வேறு.

ஆனால் பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் அந்த டேங்குக்குப் பாதுகாப்பு குறைவு. தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள், வழக்குகள் குவிந்தன. 1992 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சி இந்த வண்டி தீப்பற்றுவதைக் காட்டியது. அந்தச் சோதனையில் தீ கட்டாயம் பிடிக்கட்டும் என்று வண்டிக்கடியில் பற்றவைக்கும் கருவிகளை வைத்திருந்தது அம்பலமாகி, 1993ல் என்பிசி மன்னிப்புக் கேட்டது. அதனால் வண்டியில் குறையே இல்லை என்று ஆகிவிடவில்லை. 1994 டிசம்பரில் அரசும் நிறுவனமும் சமரசம் செய்துகொண்டன. பாதுகாப்புத் திட்டங்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை. அவை அதே டேங்கோடு தெருவிலேயே இருந்தன. இனி பார்த்துக்கொள்வது சொந்தக்காரர் பொறுப்பு!

பெட்ரோல் மாறியது

இதற்கிடையில் டேங்கில் ஊற்றும் பொருளும் மாறியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978ல் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அமெரிக்க அரசு வரிச் சலுகை கொடுத்தது. 2005ன் எரிசக்திச் சட்டம் உயிரி எரிபொருள் கலப்பைக் கட்டாயமாக்கியது. இன்று அங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பகுதி 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது.

எத்தனால் நீரை ஈர்க்கும். டேங்கின் அடியில் பல வருடம் படிந்திருந்த அழுக்கைக் கரைத்து ஃபில்டரை அடைக்கும். கலப்பில்லாத பெட்ரோலுக்காகச் செய்த பழைய ரப்பரை ஊதவும் வெடிக்கவும் வைக்கும். 15 சதவீதக் கலவையை அனுமதித்தபோது, 2001க்கு முந்தைய மாடல்களுக்கு அது கூடாது என்று சுற்றுச்சூழல் துறையே விலக்கி வைத்தது. பழைய வண்டியின் உடம்புக்கு இந்தப் பெட்ரோல் ஒத்துக்கொள்ளாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அழுத்தம் ஏறியது

கார்புரேட்டர் வண்டியில் குழாயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 4 முதல் 7 பவுண்டு. 1980களில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. ஃபோர்டின் எஃப்-150ல் 1985லிருந்து இது கிடைத்தது. அதில் அழுத்தம் சுமார் 40 பவுண்டு. வெளியே பார்த்தால் இரண்டு ஹோஸும் ஒரே மாதிரி கறுப்புதான். கார்புரேட்டர் ஹோஸை இன்ஜெக்‌ஷன் வண்டியில் மாட்டினால் பெட்ரோல் பீய்ச்சி அடித்துச் சூடான எஞ்சின் மேல் விழும்.

அதனால்தான் ஹோஸின் மேல் எழுத்து அச்சிடுகிறார்கள். எஸ்ஏஇ 30ஆர்7 என்றால் குறைந்த அழுத்தத்துக்கு. 30ஆர்9 என்றால் இன்ஜெக்‌ஷனுக்கு. இதன் உட்புறம் எத்தனாலையும் நன்றாகத் தாங்கும். கார்புரேட்டர் வண்டிக்கும் இதையே போடலாம், விலைதான் அதிகம். கிளாம்பும் முக்கியம். துளை வெட்டிய பட்டை உள்ள சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப், இறுக்கும்போது ரப்பரை அறுக்கும். இன்ஜெக்‌ஷன் ஹோஸுக்கு விளிம்பு மழமழப்பான கிளாம்ப் வேண்டும். இரும்புக் குழாய் துருப்பிடித்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு நீளமான ரப்பரால் ஒட்டுப்போடக் கூடாது. இரும்புக்கு இரும்புதான். வேலை தொடங்குமுன் இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாயின் அழுத்தத்தை இறக்கி, பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

வண்டியைச் செய்தவர்கள் அடுத்த மாடலுக்குப் போய்விட்டார்கள். பெட்ரோலை மாற்றியவர்கள் புது வண்டிகளைக் கணக்கில் வைத்து மாற்றினார்கள். நடுவில் நிற்பது, புது வண்டி வாங்க வசதியில்லாமலோ, பழையதை விட மனமில்லாமலோ அதையே ஓட்டுகிறவர். சட்டமும் நிறுவனமும் அவருக்குச் செய்யாததை, ஹோஸின் மேலுள்ள அந்தச் சின்ன எழுத்தைப் படித்து அவரேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.