வலிப்பு நோயும் விடாத மருந்தும்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஊரிகம் முதலான சுரங்கப் பகுதிகளுக்கு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழும் வேகத்தில் பிறந்த அம்மின்விசை, சுமார் 90 மைல் கடந்து வந்து சுரங்க இயந்திரங்களை இயக்கிற்று. தமிழ் மாவட்டங்களிலிருந்து குடியேறிய தொழிலாளர் அங்கே பாறைக்கடியில் பாடுபட்டனர். அத்தகைய இடத்தில் ஒருவனுக்குத் திடீரென நினைவு தப்பினால், அவனுக்கு மட்டுமன்றி அருகில் நிற்பவனுக்கும் ஆபத்தாகும். வேலை பறிபோகுமென்ற அச்சம் நோயை மறைக்கச் செய்யும். மறைத்த நோய்க்கு மருந்து ஏது?

நம் மூளையிலும் நுண்ணிய மின்னோட்டம் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்து, 1929-இல் அதை உலகுக்கு அறிவித்தார். மூளையின் உயிரணுக்கள் பல ஒருங்கே அளவுமீறி மின்விசையை வெளியிடுவதே வலிப்பு என்பது இதனால் உறுதிப்பட்டது. காக்கை வலிப்பு என்று நாம் அஞ்சும் இந்நோய் பேயின் செயலுமன்று; பாவத்தின் பயனுமன்று; தொற்றிக்கொள்வதுமன்று.

விளக்கம் வருமுன்னரே மருந்து வந்துவிட்டது. 1857-இல் இங்கிலாந்தின் லோக்காக் புரோமைடு உப்பின் பயனை எடுத்துரைத்தார். 1912-இல் ஹாப்ட்மன் என்ற ஜெர்மானியர், உறக்கத்துக்காக வழங்கிய பினோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கண்டார். 1938-இல் அமெரிக்காவில் மெரிட்டும் பட்னமும் பெனிட்டாயினைப் பயனுக்குக் கொணர்ந்தனர்.

மருந்து மலிவாயினும் சிற்றூரை எட்டவில்லை. சிவசமுத்திரத்துக்கு அணித்தேயுள்ள எளந்தூர்ப் பகுதியில், நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் அவர் குழுவினரும் 1990-ஆம் ஆண்டளவில் சுமார் 65,000 மக்களிடையே வீடுவீடாகச் சென்று நோயாளரைக் கண்டறிந்தனர். அவர்கள் தந்தவை இப்பழைய மருந்துகள் இரண்டே. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததில், பாதிக்கு மேற்பட்டோர்க்கு வலிப்பு அடங்கிற்று. 2001-இல் இது வெளியாயிற்று. அதே ஆண்டில்தான் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

நோயினும் கொடியது அதன் மீதுள்ள இழிவு. வலிப்பு அடிக்கடி காண்பவர் மணம் புரியலாகாதென்று 1976-இல் இந்து திருமணச் சட்டத்தில் ஒரு விதி புகுந்தது. அது நீங்க 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டம் மாறிற்று, பெண் பார்க்கச் செல்வோர் மனம் இன்னும் முழுதும் மாறவில்லை.

மூளைக்குப் பயிற்சியளித்து நோயை அடக்கலாமா என்ற ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்கரான ஸ்டெர்மன் 1960-களில் பூனைகளை ஒருவகை மூளையலையை மிகுதியாக எழுப்பப் பழக்கினார். அவை வலிப்பை எளிதில் அடையாததைக் கண்டார். 1972-இல் மனித நோயாளி ஒருவர் பற்றிய செய்தி வெளியாயிற்று. நோயாளி தம் மூளையலையைத் திரையில் கண்டு அதைச் சீர்படுத்தப் பழகுவதே இம்முறை. சிலர்க்கு இது துணை புரிந்திருப்பினும், சான்றுகள் சிறிய ஆய்வுகளிலிருந்தே கிடைத்துள்ளன. ஆகவே இது மருந்துக்குத் துணையாகலாம்; மாற்றாகாது.

அன்பர்களே, வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கவும் வேண்டாம். வாயில் எதையும் இடவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இன்று ஊரிகத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களுள் இந்நோயுள்ளவர் எவரும் அதை மறைக்க வேண்டாத நாளே, இம்மருந்துகளின் முழுப் பயனையும் நாம் பெறும் நாள்.