கர்ணம் வீட்டுக் கணக்குப் பெட்டி

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு ஆரம்பித்தது. சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள் பலர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊர் வந்து சேர்ந்தார்கள். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமும் அப்படித்தான். வீட்டில் ஒரு மூலை ஒதுக்கப்பட்டது, ஒரு மேஜை போடப்பட்டது. மேஜை மேலே லேப்டாப், பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார், பேனா ஸ்டாண்டு, தண்ணீர் பாட்டில், காலேஜில் வாங்கிய கோப்பை. இது புதுசு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் கரிசல் காட்டுக்கு வீட்டு ஆபீஸ் புதுசே கிடையாது. 1980 வரைக்கும் கிராமங்களில் அப்படி ஒரு வீடு இருந்தது. அதுதான் கர்ணம் வீடு. கணக்கப்பிள்ளை வீடு என்றும் சொல்வார்கள்.

யார் இந்த கர்ணம்?

பழைய கிராம நிர்வாகத்தில் முக்கியமானவர்கள் மூன்று பேர். வரி வசூல் செய்பவர் முன்சீப். கணக்கு எழுதுபவர் கர்ணம். ஓடியாடி வேலை செய்பவர் தலையாரி. இவர்களுக்கு அரசாங்கம் தனியாக ஆபீஸ் கட்டித் தரவில்லை. அதனால் கர்ணத்தின் வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். எந்த சர்வே நம்பர் யாருடையது, எத்தனை ஏக்கர், இந்த வருஷம் அதில் பருத்தியா கம்பா உளுந்தா, எல்லாம் அவர் எழுதும் சிட்டாவிலும் அடங்கலிலும் இருந்தது. அந்தக் கணக்குகள் எல்லாம் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

அவர் உட்கார்ந்து எழுதியது நாற்காலி போட்ட மேஜையில் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மடி உயரத்துக்கு வரும் மரப்பெட்டி. மேல்மூடி சாய்வாக இருக்கும். அதன் மேலே வைத்து எழுதலாம், மூடியைத் திறந்தால் உள்ளே சாமான் வைக்கலாம். ஓலைக் காலத்தில் எழுத்தாணி, காகிதம் வந்த பிறகு தொட்டு எழுதும் பேனாவும் மைக்கூடும். கூடவே மூக்குக் கண்ணாடிக் கூடு, வெற்றிலைச் செல்லம், பொடி டப்பா, திருநீறு, பஞ்சாங்கம்.

இந்தச் சாமான்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இதில் எது ஆபீஸ் சாமான், எது சொந்தச் சாமான்? பஞ்சாங்கம் வீட்டு விசேஷத்துக்கு நாள் பார்க்கவும் உதவும், கணக்கில் தேதி போடவும் உதவும். பெட்டி அவர் அப்பா வைத்திருந்தது. அதற்குள் இருக்கும் அடங்கல் சர்க்காருடையது. இரண்டும் ஒரே பூட்டுக்குள்!

காலமும் தனிக் காலம்தான். பி.காம் படிப்பவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை நிதியாண்டு. கர்ணத்துக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை பசலி ஆண்டு. ஜூலையில் வரும் ஆங்கில வருஷத்திலிருந்து 590ஐக் கழித்தால் பசலி கிடைத்துவிடும். 1980 ஜூலையில் தொடங்கியது பசலி 1390. தமிழ்நாட்டு நில வருவாய்க் கணக்கு இன்றும் பசலியில்தான் நடக்கிறது.

ஒரு பெட்டிக்கு இவ்வளவு பலமா?

கரிசல் மண் மானாவாரி மண். ஐப்பசி மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மழை பொய்த்த வருஷம் பயிர் எவ்வளவு தேறியது என்று எழுதுபவர் கர்ணம். வரித் தள்ளுபடி, பாகப்பிரிவினை, கோர்ட் வழக்கு எதுவானாலும் அந்தக் கணக்கு சாட்சி. எனவே சம்சாரி ஒரு நகல் கேட்கப் போகும்போது அவர் போவது ஒரு அலுவலகத்துக்கு இல்லை, ஒருவருடைய வீட்டுக்கு. வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்றால் காத்திருக்க வேண்டும். வீட்டில் விசேஷம் என்றால் நாளைக்கு வர வேண்டும். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பதை சர்க்கார் விதி தீர்மானிக்கவில்லை, ஊர் வழக்கமும் சாதியும் தீர்மானித்தன. தன் நிலத்தின் கணக்கைப் பார்க்க ஒருவர் இன்னொருவர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, அந்த வேலை பரம்பரையாக வந்தது. 1895இல் சென்னை மாகாணத்தில் வந்த பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் அதை உறுதியாக்கியது. கோவில்பட்டி வட்டாரத்தில் பல கிராமங்கள் எட்டயபுரம் ஜமீனில் இருந்தவை. 1948ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. ஆனால் கர்ணம் வீட்டுப் பெட்டி அங்கேயே இருந்தது. பரம்பரை வாரிசு உரிமை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1960 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டில் 1968இல் அந்தப் பழைய சட்டம் ரத்தானது. அப்போதும் கணக்கு வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

1980 நவம்பர் 14

அன்றைக்குத்தான் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் மூலம் முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழித்தது. அவர்களுக்குப் பதில் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., வந்தார். எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1982இல் சுப்ரீம் கோர்ட் அந்த ஒழிப்பு செல்லும் என்றது. பல குடும்பங்களுக்கு இது பெரிய அடி. பரம்பரையாக வந்த கௌரவமும் சின்னச் சம்பளமும் ஒரே நாளில் போயின. அதையும் மறுக்க முடியாது.

கணக்குகளை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் எது சர்க்காருடையது, எது வீட்டுக்காருடையது என்று பிரிக்கப்பட்டது. அடங்கல் போனது, கண்ணாடிக் கூடு தங்கியது.

ஜெர்மன் அறிஞர் மாக்ஸ் வெபர் பற்றி மேனேஜ்மென்ட் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் இறந்த பிறகு 1922இல் முழுமையாக வெளிவந்த 'பொருளாதாரமும் சமூகமும்' என்ற நூலில் நவீன நிர்வாகத்துக்கு ஒரு அடையாளம் சொல்கிறார். அலுவலகம் வேறு, வீடு வேறு. அலுவலகப் பணமும் பொருளும் வேறு, அதிகாரியின் சொந்தப் பணமும் பொருளும் வேறு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது வறட்சியான வரியாகத் தெரியும். கரிசல் கிராமத்தில் அதற்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆபீஸ் வீட்டை விட்டுப் பிரிந்த பிறகுதான் ஆபீஸ் மேஜையில் 'சொந்தப் பொருள்' என்று ஒன்று தனியாகத் தெரிகிறது. கர்ணம் தன் பெட்டி மேல் பிள்ளையின் போட்டோவை வைக்க வேண்டிய அவசியம் இல்லை, பிள்ளை பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தது. வீட்டை விட்டு வந்து வேலை செய்பவருக்குத்தான் வீட்டின் ஒரு துண்டு மேஜையில் தேவைப்படுகிறது. 2002இல் உளவியலாளர் சாம் காஸ்லிங் குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவரின் ஆபீஸ் அறையையோ படுக்கை அறையையோ பார்த்தே அவரது குணத்தில் சிலவற்றைச் சரியாகச் சொல்ல முடிகிறது என்பது அதன் முடிவு. கர்ணத்தின் பெட்டியைப் பார்த்து அப்படிச் சொல்வது கஷ்டம். அதில் பாதி அவருடையது, பாதி அவர் தகப்பனாருடையது, மீதி சர்க்காருடையது.

மேஜையே இல்லாத வீடுகள்

வீட்டில் வேலை நடந்ததெல்லாம் கணக்கெழுத்து மட்டும்தானா? இல்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வளர்ந்த பிறகு ஆயிரக்கணக்கான வீடுகள் வேலை இடமாயின. பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். எண்ணிக்கைக்குக் கூலி. அங்கே சொந்தப் பொருள் வைக்க மேஜையும் இல்லை, நேரமும் இல்லை. 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரை வைத்துக்கொண்டு நடத்தும் வேலைக்கு விலக்குக் கொடுத்தது. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 டிசம்பர் 10இல் கடுமையாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கர்ணம் வீட்டுக்குள் நுழைந்து கணக்கை எடுத்து வந்த சட்டம், பெட்டி ஒட்டும் வீட்டு வாசலில் 'இது வீடு' என்று நின்றுவிட்டது. வேலை நடக்கும் வீடு ஆபீஸா இல்லையா என்ற கேள்விக்கு, அங்கே இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே பதில் வந்திருக்கிறது.

நாற்பது வருஷம் கழித்து

2020 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை பி.பி.ஓ. போன்ற கம்பெனிகளுக்கான விதிகளைத் தளர்த்தியது. முன்பு ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய வைக்க அந்தக் கம்பெனிகளுக்குக் கடும் நிபந்தனைகள் இருந்தன. 1980 நவம்பரில் ஆபீஸ் வீட்டை விட்டு வெளியே போனது, 2020 நவம்பரில் வீட்டுக்குள் வர வழி விடப்பட்டது. சரியாக நாற்பது வருஷம்!

பழைய கேள்விகளும் கூடவே திரும்பி வந்தன. லேப்டாப் கம்பெனியுடையது, கரண்ட் பில் யாருடையது? யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கு திரையில் திறந்திருக்கும்போது பின்னால் நிற்கும் தம்பி பார்க்கலாமா? குடும்பம் பக்கத்து அறையிலேயே இருப்பதால் குடும்பப் போட்டோவுக்கு அவசரம் இல்லை. இப்போது தேவைப்படுவது ஹெட்போன் மாதிரி, 'வேலை நடக்கிறது, பேசாதே' என்று வீட்டாருக்குச் சொல்லும் பொருள்.

பட்டா, சிட்டா இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர்க் காப்பீடு செய்ய அடங்கல் வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ.விடம் போக வேண்டும். ஆனாலும் போகும் இடம் ஒரு அலுவலகம். மூடியிருந்தால் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்கும் உரிமை சம்சாரிக்கு உண்டு. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. மேஜை மேல் பிள்ளையார் இருக்கலாம், பொடி டப்பா இருக்கலாம், அது அவரவர் இஷ்டம். ஊர்க்கணக்கு அந்த மேஜையில் இருந்தால், அதைப் பார்க்க வருபவருக்கு உட்கார ஒரு நாற்காலியும் இருக்க வேண்டும்.